பெயர் மறைக்கும் கணினியோடு கடலூருக்கு

கடலூர் பேருந்தில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே என் சம்பளம், எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, என் அம்மாவுக்கு எத்தனை வருடமாகச் சர்க்கரை என்பதெல்லாம் முன் இருக்கை வரை தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. மலேசியாவில், நான் வசிக்கும் பினாங்கில், என் அடுத்த வீட்டுக்காரருக்கு என் பெயர்கூடத் தெரியாது. வருடக்கணக்காக லிஃப்டில் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இறங்கும் சமயத்தில் அந்த அம்மாள் நான் என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று கேட்டார். மனிதர்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்றும் ஒரு கணினி ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன். "நல்ல வேலம்மா. பத்ரமா பண்ணு" என்றார்.

அது 2010. நாங்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு நாட்டில் இருந்தபடி, ஓய்வு நேரத்தில் ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருந்தோம். ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். எந்தக் கணினியில் செருகினாலும், அதில் ஏற்கெனவே இருப்பதைத் தொடாமல் தானாகவே எழுந்து ஓடும். அதிலிருந்து போகும் மின்னஞ்சல் பல நாடுகளைச் சுற்றிவிட்டுப் போவதால் எந்த ஊர், எந்தக் கணினி என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். இந்த மாதிரி ஏற்பாடுகள் அப்போதே இருந்தன. ஆனால் அவை விவரம் தெரிந்தவர்களுக்கானவை. எங்களுடையது மவுஸை வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடிப்பவர்களுக்கு. திரைகளை வரைவதும் தமிழ் வாசகங்களை எழுதுவதும் என் பொறுப்பு. திரையில் முதலில் வரும் வாசகத்துக்காக மட்டும் எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. கடைசியில் நான் எழுதியதே நின்றது: 'நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது.'

மஞ்சக்குப்பத்தில் விடுதி. பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்றார்கள். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முதல் நகல் கோணலாக விழுந்துவிட, கடைக்காரர் அதைக் கீழே ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துத் தந்தார். மாலையில் சில்வர் பீச்சில் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே நடந்தேன். கடலை தீர்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளேயிருந்து ஒரு குடும்பமே என்னைப் பார்த்தது. யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு நகல். பெயர், வயது, தெரு எல்லாம் அப்படியே இருந்தது. என் பாஸ்போர்ட்டின் கோணல் நகல் ஞாபகம் வந்தது.

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அட்டைப்பெட்டி காலியாக இருந்தது. கடைக்காரர் என்னை ஆறுதல்படுத்தினார். "பழைய பேப்பர்காரரு இப்பதான் எடுத்துகிட்டுப் போனாரு. இன்னாத்துக்கு பயப்படுறீங்க? மூஞ்சியே சரியா விழலையே." என் கோணல் முகத்தில் யார் கடலை தின்றார்களோ தெரியாது.

மறுநாள் காலையில் அமலா ஸ்கூட்டரில் வந்து அழைத்துப்போனார். என்னை வரவழைத்தவர் அவர்தான். கடலூர் ஓ.டி., அதாவது பழைய நகரத்துக்காரர். எம்.சி.ஏ. முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். வாரத்தில் சில நாள் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாட்டுக்கு வந்து அங்குள்ள பெண்களுக்குக் காசு வாங்காமல் கற்றுத் தருகிறார். பசியாறியாச்சா என்று நான் கேட்டதும் விழித்தார். எங்கள் ஊரில் காலை உணவுக்கு அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன். "டிஃபனா? அதெல்லாம் ஆச்சுக்கா" என்றார்.

ஓ.டி.யைத் தாண்டியதும் மூக்கில் ஏதோ அறைந்தது. நெயில் பாலிஷ் குப்பியைத் திறந்து மூக்குக்குள் கவிழ்த்த மாதிரி. நான் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு இருமினேன். அமலா வண்டியை நிறுத்தக்கூட இல்லை. இது பரவாயில்லை, மத்தியானத்து வாடைதான் ஜாஸ்தி என்றார். சாலையின் ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் மதில்கள். அவற்றை ஒட்டிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்துபோனார்கள். பினாங்கில் நானும் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். அங்கே புல்லை வெட்டி, பூச்செடி வைத்திருப்பார்கள், காற்றில் காபி வாசனை வரும். ஒரே மாதிரி புகைபோக்கிகளுக்குக் கீழே இப்படியும் ஓர் ஊர் இருக்கிறது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

வகுப்பு ஒரு வாடகை அறையில் நடந்தது. இரண்டு பழைய கணினிகள், இணையத்துக்கு ஒரு டேட்டா கார்டு, பாயில் ஆறு பெண்கள். பென் டிரைவைச் செருகினேன். இணைப்பு பாதுகாப்பாக இருக்கிறது என்று காட்ட ஒரு பச்சைப் பூட்டுப் படம் வரும். வந்தது. உடனே மவுஸைப் பிடித்திருந்தவர் கையை எடுத்துவிட்டார். நெடுநேரம் காத்திருந்து பார்த்தேன், யாரும் அசையவில்லை. "பூட்டிக்கிச்சுக்கா. நீங்கதான் தொறக்கணும்" என்றார் ஒருவர். அந்தப் பூட்டுக்கு எந்தப் பச்சை சரி என்று நாங்கள் மூன்று வாரம் விவாதித்திருந்தோம்.

அவர்களில் வளர்மதிக்குத்தான் இந்த ஏற்பாடு உண்மையிலேயே தேவைப்பட்டது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சில நாட்களுக்கு முன் உப்பனாற்றில் மீன்கள் செத்து, கரையோரம் வெள்ளைவெளேர் என்று மிதந்திருக்கின்றன. கணவரின் கைப்பேசியில் அதைப் படம் பிடித்து வைத்திருந்தார். ஒரு தொழிற்சாலையின் பின்பக்கக் குழாய்க்குக் கீழேதான் மீன்கள் மிதந்தன என்பது படத்தில் தெளிவாகவே தெரிந்தது. அதைக் கவனிக்க வேண்டிய அரசு அலுவலகத்துக்குப் புகார் அனுப்ப வேண்டும். ஆனால் வளர்மதியின் கணவர் சேகர் அதே தொழிற்சாலையில்தான் ஒப்பந்தத் தொழிலாளி. முன்பு இப்படிப் புகார் எழுதிய ஒரு பெண்ணின் தம்பிக்கு அடுத்த மாதமே, தொழிற்சாலைக்குள் போவதற்கான கேட் பாஸ் போடவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து ஊரில் ஒருவரும் பேனாவை எடுப்பதில்லை.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது சேகர் டி.வி.எஸ். வண்டியில் காத்திருந்தார். உள்ளே வரவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், இவ பேரு எங்கயும் வராதுல்ல? மாசாமாசம் கேட் பாஸ் போடணும். மேஸ்திரி கையெழுத்து போடலன்னா நான் வூட்லதான்."

வரவே வராது என்றேன். எத்தனை நாடு சுற்றிப் போகும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் நாடுகளைக் கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஒரு சிக்கல் இருந்தது. வளர்மதி கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். பத்து விரலும் பறக்கும். எங்கள் பென் டிரைவில் தட்டச்சுப் பொறியின் விசைமுறை கிடையாது. அவர் அடிக்க அடிக்கத் திரையில் அர்த்தமில்லாத எழுத்துகளாக வந்தன. அந்த விசைமுறையைச் சேர்க்க நல்ல இணைப்பு வேண்டும். அமலாவின் சென்டரில் இருக்கிறது. அதனால் அடுத்த நாள் சிதம்பரம்.

அமலா முன்பே போய்விட்டதால் நான் தனியாகப் பேருந்து ஏறினேன். ஆலப்பாக்கத்தைத் தாண்டியதும் டமார் என்று ஒரு சத்தம். டயர் போய்விட்டது. பின்னால் வந்த ஒரு வண்டியில் எங்களைத் திணித்தார்கள். அது பரங்கிப்பேட்டை சுற்றிப் போகிற வண்டி என்பது பரங்கிப்பேட்டை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் பேருந்து இப்படி வழி மாறினால் ஆளாளுக்குப் புகார் எண்ணை அழைப்பார்கள். இங்கே நடத்துநரே எனக்கு ஜன்னல் வழியாகத் தேநீர் வாங்கித் தந்தார்.

பக்கத்தில் சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஒருவர். பென் டிரைவைப் பற்றிச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அனுப்பும் மின்னஞ்சலை மனைவி, மாமியார், கொழுந்தியாள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துதான் படிப்பார்களாம். "அங்க பாஸ்போர்ட்டு கஃபீல் கையில. இங்க பாஸ்வேர்டு பொண்டாட்டி கையில. எங்கிட்ட ஒண்ணுமில்ல, அல்ஹம்துலில்லாஹ், நிம்மதியா இருக்கேன்" என்றார். கஃபீல் என்றால் அங்கே வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி.

சிதம்பரத்தில் இறங்கியதும் நேராகச் சாப்பாடு. கத்தரிக்காய் கொத்சை இட்லியின் மேல் ஊற்றித் தந்தார்கள். பினாங்கில் நான் இதுவரை இட்லி என்று தின்றதெல்லாம் என்ன என்ற சந்தேகம் வந்துவிட்டது. சிதம்பர ரகசியத்தைப் பார்த்தீர்களா என்று பின்னால் பலர் கேட்டார்கள். வரிசை நீளமாக இருந்தது, பார்க்கவில்லை.

கீழவீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் அம்மாவுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். கடைக்காரர் பெயர் வெட்டும் கருவியை எடுத்துக்கொண்டு என்ன பேர் போட வேண்டும் என்று கேட்டார். பெயர் வேண்டாம் என்றேன். நான் தூக்கைத் திருடிக்கொண்டு போகிறேன் என்று சொன்னதைப்போல அவர் திடுக்கிட்டார். "பேரு போடாம எப்டிம்மா குடுக்கறது? அப்பறம் யாருதுன்னு தெரியாதே." கடைசியில் அம்மாவின் பெயரை முதலெழுத்தோடு வெட்டிய பிறகுதான் தூக்கு என் கைக்கு வந்தது.

சென்டரில் விசைமுறையைச் சேர்க்க மாலை வரை ஆயிற்று. நடுவே அமலா தன் மாணவர்களின் பாஸ்வேர்டுகளைப் பற்றிச் சொன்னார். பாதிப்பேர் தங்கள் நட்சத்திரத்தையே வைத்திருக்கிறார்களாம். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரையும் நட்சத்திரத்தையும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிற ஊர். தெரியாவிட்டாலும் மொத்தமே இருபத்தேழுதான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அமலாவுக்கு என் அதிர்ச்சியைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் குடிகாடு. வளர்மதி புகார் எழுதும் நாள். எங்கள் குழுவில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பயன்படுத்துபவர் எதை எழுதுகிறார் என்று நாம் பார்க்கக் கூடாது. அந்தரங்கத்தைக் காப்பாற்ற வந்தவர்களே எட்டிப் பார்த்தால் எப்படி? ஆகவே நானும் அமலாவும் திரை தெரியாத பக்கமாக உட்கார்ந்து வளர்மதியின் முகத்தை மட்டும் பார்த்தோம். அருமையாக நடந்தது. எங்கேயும் தயங்கவில்லை. பத்து விரலும் பறந்தன. படத்தைச் சேர்த்தார். படத்துக்குள் ஒளிந்திருக்கும் கைப்பேசி விவரங்களை எங்கள் ஏற்பாடு கழுவித் துடைத்தது. அனுப்பினார். பிறகு அவரே கணினியை அணைத்தார். நான் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருட உழைப்பில் முதல்முறையாக, முழுக்க முழுக்க ஒரு புதியவர், யார் உதவியும் இல்லாமல்!

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று வளர்மதி வீட்டுக்கு அழைத்துப்போனார். சங்கரா மீன் குழம்பு. மீன் உப்பனாற்று மீன் இல்லை, கடல் மீன் என்று கேட்காமலேயே உறுதி சொன்னார். ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அமலா சும்மா ஒரு பேச்சுக்கு, புகாரை எப்படி ஆரம்பித்தாய் என்று கேட்டார். வளர்மதி குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி சொன்னார்.

"அனுப்புநர். வளர்மதி, கணவர் பெயர் சேகர், மாரியம்மன் கோயில் தெரு, குடிகாடு. பெறுநர்..."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. அமலா என்னைப் பார்த்தார், நான் அமலாவைப் பார்த்தேன். கதவு எண்ணையும் போட்டாயா என்று கேட்டேன். போட்டேனே என்றார்.

பெயரை ஏன் போட்டாய் என்றேன். வளர்மதிக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"பேரு போடலன்னா மொட்டக் கடுதாசி ஆயிடும்லக்கா? நான் இன்னா யார் மேலயாவது பொறாமையில எழுதறனா? போற வழில யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. போய்ச் சேந்தப்பறம் அவுங்களுக்குத் தெரிய வேணாமா, யாரு எழுதனதுன்னு?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. 'யாருக்கும் தெரியாது' என்று நான் எழுதிய வாசகத்தை அவர் நம்பியிருக்கிறார். உறைக்குள் வைத்து ஒட்டியாயிற்று, இனி உள்ளே தைரியமாகப் பெயரைப் போடலாம் என்று நினைத்திருக்கிறார். எத்தனையோ நாடுகளைச் சுற்றவிட்டு நாங்கள் மறைத்துக் கொண்டுபோனது ஒரு முழு விலாசத்தை. தமிழில் கடிதம் எழுதக் கற்ற யாரும் முதலில் எழுதுவது அனுப்புநர்தான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எப்படி எனக்குத் தோன்றாமல் போனது?

திரும்பப் பெற வழியில்லை. அணைத்தால் மறந்துவிடும் ஏற்பாடு, நகல்கூட வைத்திருக்காது. அந்த அலுவலகத்துக்கு அமலா மாலை முழுக்கத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை. மறுநாள் காலையில் ஒருவர் எடுத்தார். நல்ல மனிதராகத்தான் பேசினார். அதுதான் எங்களை இன்னும் கலங்கடித்தது. "நேத்தே பிரிண்ட் எடுத்து, விளக்கம் கேட்டு அந்த கம்பெனிக்கு ஒரு காப்பி ஃபேக்ஸ் பண்ணிட்டோம்மா. அதான் நடைமுறை. முழு விலாசத்தோட வந்துச்சு, அதனால உடனே ஆக்‌ஷன் எடுத்தோம். பேரில்லாம வர்றத நாங்க பாக்கறதே இல்ல."

அமலா கைப்பேசியின் ஒலிபெருக்கியை அணைத்தார். நாங்கள் சொன்னபடியே வளர்மதி பெயரை மறைத்திருந்தால் அந்தப் புகாரை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். பெயரைப் போட்டதால் படித்துவிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாங்கள் செய்தது வீண்.

அதற்கு அடுத்த நாள் காலை, சேகரைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அமலா கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனார். திட்டுவார்கள், பென் டிரைவைத் தூக்கி எறிவார்கள் என்று எதிர்பார்த்தேன். வளர்மதி அழுது முடித்த முகத்தோடு டீ போட்டுக் கொடுத்தார். சேகர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போட்டுக்கொண்டு கிளம்பிய நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். நான் கொடுத்த வாக்கு பொய்யாகிவிட்டது என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"அந்த ஆபீஸ்ல இன்னா சொன்னாங்க, சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஃபேக்ஸ் போனதையும், பெயரில்லாமல் வருவதை அவர்கள் பார்ப்பதே இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் டீயை முழுக்கக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். வாங்க, அந்த ரூமுக்குப் போகலாம் என்றார்.

வகுப்பறையில் வளர்மதி கணினி முன் உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினார். கேட் பாஸைத் திரும்பக் கேட்டு ஒரு மனு எழுதப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வளர்மதியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முதல் வரி அடிக்க விரலை வைத்தபோது, சேகர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"உன் பேரு வேணாம். என் பேர போடு. குழாய்ல அன்னிக்கு வந்தது இன்னா தண்ணின்னு எனக்குத் தெரியும். அந்த வால்வத் தொறந்ததே நான்தான்."

வளர்மதியின் கை அப்படியே விசைகளின் மேல் நின்றது. அமலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் இவர் கைப்பேசியில்தான் இத்தனை நாளும் இருந்தது.

"மாமா, நீயா?" என்றார் வளர்மதி.

"மேஸ்திரி தொறக்கச் சொன்னாரு. தொறந்தேன். தொறக்கலன்னா கேட் பாஸ் இல்ல. இப்பதான் அதுவும் இல்லையே."

நான் பதறிப்போனேன். இது வேறு விஷயம், இதை எழுதினால் உங்கள் மேலேயே வழக்கு வரலாம் என்றேன். பெயரில்லாமல் அனுப்பலாம், இந்தமுறை நானே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொள்கிறேன், உங்களை யாருக்கும் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். எதற்காகக் கடல் தாண்டி வந்தேனோ அதைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சேகர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, குத்திக்காட்டும் தொனி கொஞ்சமும் இல்லாமல், சந்தேகம் கேட்பவரைப்போலக் கேட்டார்.

"பேரில்லாம அனுப்புனா பாக்கவே மாட்டாங்கன்னு நீங்கதான மேடம் இப்ப சொன்னீங்க?"

வளர்மதி நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். தட்டச்சு தெரியாத மனிதர். ஒரே விரலால், தம் பெயரின் முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.